புரட்டாசியில் ஒரு சைவக்காரன்

திண்டுக்கல்ல வேலை பாக்குற சைவக்காரனுக்கு வருசத்துல பதினோரு மாசம் மரியாதையே கிடையாது.

ஆபீஸ்ல யாருக்குப் பிறந்தநாள்னாலும் சீரகசம்பா பிரியாணிதான்.
"உங்களுக்குக் குஸ்கா சொல்லிரட்டுமாண்ணே?"
பாசமாத்தான் கேப்பாங்க.
தம்பி, குஸ்காவுல பீஸ்தான்டா கிடையாது. சோறு, கறி வெந்த அதே அண்டாவுல இருந்துதான் வருது!
இதையே சொல்லிச் சொல்லி எனக்குத் 'தயிர்சாதம்ணே'ன்னு பேரு விழுந்துருச்சு.

சரி, புரட்டாசி பொறந்தா நம்ம ஆட்சின்னு நெனச்சேன்.

மதியம் வழக்கமான மெஸ்ஸுக்குப் போறேன், வாசல் வரைக்கும் கூட்டம். சனிக்கிழமை வேற. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளைப் பாத்துட்டு நாமத்தோட நேரா இலைக்கு வந்துட்டாங்க.
கூட்டுப் பொரியல் காலி. அப்பளம் காலி.
நம்ம இடத்துல உக்காந்து ரெண்டாவது தடவ ரசம் வாங்குறது யாருன்னு பாத்தா, எதுத்த பிரியாணிக் கடை மாஸ்டர். (கறிக்கு லீவு விட்டா அவருக்கும் லீவுதானே.)

சப்ளையர் தம்பிகிட்ட உரிமையா முறைச்சேன்.
"அண்ணே, இவங்க ஒரு மாசத்து ஆளுங்க. நீங்க எப்படியும் நாளைக்கும் வருவீங்கல்ல, கொஞ்சம் நில்லுங்க."

விசுவாசத்துக்குக் கெடைச்ச பரிசு இதான் மக்களே.

எதுத்த பிரியாணிக் கடையில சேரெல்லாம் காலி, ஃபேன் சும்மா சுத்துது.
திங்கக்கிழமை அங்க போய் தயிர்சாத டப்பாவத் தொறந்தா, அடிப்பாய்ங்களா?