பக்கத்து வளவுக்கு ஆறு படலை

ஸ்காபரோ,
யூலை 2025

என்ர அன்புச் சிநேகிதிக்கு,

உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. பதில் போடேல்லை எண்டு கோவிக்காதை. எங்கட வீதியில நடக்கிற கூத்தில எனக்குத் தலை நிமிர்த்த நேரமில்லை. விடுப்பு எண்டால் உனக்குக் கச்சான் மாதிரி, ஒண்டு உடைச்சால் சரை முடியுமட்டும் விடமாட்டாய். அதால தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு ஆறுதலா இருந்து வாசி.

பக்கத்து வீட்டு ஸ்கொட்லாந்துக் கிழவியைப் பற்றி முந்தி எழுதினனான் எல்லே? ஸ்நோ கொட்டின காலங்களில எங்கட வாசலையும் சேத்து வழிச்சுவிடுற மனுசி. அவவை மகன் முதியோர் இல்லத்தில சேத்துப்போட்டு வீட்டை வித்திட்டான். வாங்கினது ஆர் தெரியுமோ? எங்கட ஆள்தான், வடமராட்சிப் பக்கம். வீட்டை இடிச்சுப்போட்டு அதில ஆறு வீடு கட்டப் போறாராம். மேல ரெண்டு, நடுவில ரெண்டு, கீழ ரெண்டு. ஆறு கதவு, ஆறு அடுப்பு, ஆறு குடும்பம். காணி எவ்வளவு எண்டு நினைக்கிறாய்? முன்பக்கம் 45 அடி, உள்ளுக்கு 120 அடி. பெருக்கிப் பார், 5,400 சதுர அடி. எங்கட கணக்கில ரெண்டு பரப்புத்தான், அதிலயும் ஒரு பாய் விரிக்கிற அளவு குறையும்.

நீ இப்ப சிரிக்கிறது எனக்கு இஞ்ச கேக்குது. வெள்ளவத்தையில அஞ்சாம் மாடியில இருந்து கொண்டு, கடல் தெரிஞ்ச ஜன்னலுக்கு முன்னால இன்னொரு பிளாட் எழும்பி, இப்ப மற்றவையின்ர உடுப்புக் காயிறதைப் பாக்கிற உனக்கு இதெல்லாம் ஒரு புதினமோ? காலி வீதியில இருந்து கடற்கரைக்கு இறங்கிற ஒழுங்கையளில முந்தி நிண்ட தனி வீடுகளை இப்ப தேடித்தான் பிடிக்கவேணும். ஆனா இஞ்ச கதை வேறயடி. இஞ்ச ஒரு வளவுக்கு ஒரு வீடு எண்டது சமயம் மாதிரி.

மாநகரசபைத் திட்டப் படத்தில தனி வீடுகள் நிக்கிற பகுதியெல்லாம் மஞ்சள் நிறம். அதை மஞ்சள் பட்டி எண்டே ஒரு பேர் வைச்சுக் கூப்பிடுகினம். கனகாலமா அந்த மஞ்சளுக்குள்ள பெரும்பாலும் வேற ஒண்டையும் நட விடமாட்டினம். பிறகு வாடகை ஏறி, பிள்ளையளுக்கு வீடு வாங்க ஏலாமல் போன உடனை, ஒவ்வொரு ஆணியாக் கழட்டத் தொடங்கினவை. 2022இல பின்வளவில ஒரு குட்டி வீடு கட்டலாம் எண்டினம். 2023 மே மாதம் ஒரு வளவில நாலு வீடு வரைக்கும் போகலாம் எண்டினம். அப்ப எங்கட வீதியில ஒரு காகமும் கத்தேல்லை. ஆறு எண்ட உடனைதான் எல்லாருக்கும் நித்திரை குழம்பினது.

இதுக்குப் பின்னால ஒட்டாவாக் காசும் இருக்கு. மத்திய அரசாங்கம் வீட்டுத் திட்டத்துக்கு எண்டு ரொறன்ரோவுக்கு 471 மில்லியன் டொலர் தாறன் எண்டு 2023 முடிவில ஒத்துக்கொண்டது. அதுக்கு வைச்ச நிபந்தனையில இந்த ஆறு வீட்டுக் கதையும் ஒண்டு. போன மாதம் 25ஆம் திகதி மாநகரசபையில வாக்கெடுப்பு நடந்தது. நகரம் முழுக்க எண்டு கொண்டு வந்த திட்டம், இழுபறிப்பட்டு, 25 வட்டாரத்தில 9 வட்டாரத்துக்கு எண்டு சுருங்கிப் போச்சு. மற்றவை விரும்பினால் பிறகு சேரலாமாம். அந்த ஒன்பதில எட்டு டவுன்ரவுன் பக்கம். ஸ்காபரோவில இருக்கிற ஆறு வட்டாரத்தில சேந்தது ஒண்டே ஒண்டு. எது எண்டு கேளன்? எங்கட 23தான்!

வாக்கெடுப்புக்கு முதல் நடந்த ஒரு கூட்டத்துக்கு நானும் இவரும் போனனாங்கள். அதைத்தான் உனக்கு எழுதவேணும் எண்டு கை துடிச்சுக்கொண்டிருந்தது. மண்டபம் நிரம்பின சனம். சுவரோரமாப் படங்களை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு, வந்த ஆக்களிட்ட பச்சைப் பொட்டும் சிவப்புப் பொட்டும் குடுத்தவை. பிடிச்சதுக்குப் பச்சை, பிடிக்காததுக்குச் சிவப்பு ஒட்டவேணும். எங்கட செயலாளர் அன்ரியைத் தெரியும்தானே, எந்தச் சங்கம் தொடங்கினாலும் செயலாளராகிற மனுசி? அவ ஒரு தாள் சிவப்புப் பொட்டை அப்பிடியே கைப்பைக்குள்ள வைச்சுப்போட்டு, ஆக்கள் பாராத நேரம் ஒவ்வொண்டா எடுத்து ஒட்டிக்கொண்டு திரியிறா. ஆறு வீட்டுப் படத்துக்கு அம்மாள் வருத்தம் வந்த மாதிரிப் போச்சு.

பேந்து அவ எழும்பிக் கதைச்சா பார். இந்த வீதியின்ர குணம் கெட்டுப் போகுமாம். நான் 24 வருசமா இந்த வீதியில இருக்கிறன், இதுக்கு ஒரு குணம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். முன்பின் தெரியாத ஆக்கள் வந்து குடியேறுவினமாம், குப்பைத் தொட்டி நிரம்பி வழியுமாம், காருகள் வரிசைக்கு நிக்குமாம். எடி, அவவின்ர பேஸ்மென்றில அஞ்சு பஞ்சாப் பொடியள் இருக்கிறாங்கள்! படிக்க வந்த பிள்ளையள், ஒரு அறைக்கு ரெண்டு பேர், ஒருத்தன் ஹோலில. ஒரு குளியலறை. வாடகை காசாத்தான் வாங்குறவ. இதையெல்லாம் தெரிஞ்ச பாதிச் சனம் அந்த மண்டபத்தில இருந்து தலையாட்டினது. நானும் வாய் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், அதையும் சொல்லிப்போடுறன்.

ஆளுக்கு ஆள் எழும்பினவை. எல்லாற்ற வாயிலயும் ஒரே சொல்லு, பாக்கிங். பாக்கிங், பாக்கிங், பாக்கிங். அப்ப பின்வரிசையில ஒரு சீனக் கிழவர் தடியை ஊண்டிக்கொண்டு எழும்பினார். 1984இல ஏஜின்கோர்ட்டில, கிளென் வாட்ஃபோர்ட் வீதியில, ட்ராகன் சென்ரர் எண்டு சீனாக்காரரின்ர கடைத்தொகுதி திறந்த நேரம் தான் அங்கதான் இருந்தவராம். அப்பவும் இப்பிடி ஒரு கூட்டம் வைச்சவையாம், மண்டபம் கொள்ளாத சனமாம். அண்டைக்கும் எல்லாரும் பாக்கிங்கும் ட்ராபிக்கும் எண்டுதான் கத்தினவையாம். தான் அப்ப பின்னுக்கு இருந்து, தன்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு விளங்கிக்கொண்டு பேசாமல் வீட்டை போனவராம். அவ்வளவுதான் சொன்னார். இருந்திட்டார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பிறகு இன்னொருத்தர் எழும்பிப் பாக்கிங்கைப் பற்றிக் கதைச்சார்.

அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை. நான் வந்த புதுசில சென்ற் ஜேம்ஸ் ரவுனில ஒரு அறை வீட்டில ஏழு பேர் இருந்த கதை உனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்றுக்கு வந்தம், இவரும் நானும் மச்சான் குடும்பமும் ரெண்டு தம்பிமாரும். ஜன்னல் எண்டது கூரைக்குக் கீழ ஒரு சாண் கண்ணாடி. அதுக்குள்ளால புல்லும், போற வாற ஆக்களின்ர காலும் மட்டும் தெரியும். இவர் வேலையால வாறதை நான் சப்பாத்தை வைச்சுத்தான் அடையாளம் பிடிப்பன். இடது குதி தேஞ்சது. மேல இருந்த வீட்டுக்காரரும் எங்கட ஆக்கள்தான். எட்டு மணிக்குப் பிறகு மீன் பொரிக்கக் கூடாது எண்டு சட்டம். ஒருநாள் முன்வீட்டுக்காரன் கனக்க ஆக்கள் இருக்கினம் எண்டு எங்கயோ போன் பண்ணிப்போட்டான். பரிசோதிக்க வருகினமாம் எண்டு மேல இருந்து தட்டிச் சொல்லிச்சினம். நாங்கள் ஆக்களை மறைக்கேல்லையடி. ஆக்கள் வேலைக்குப் போயிட்டினம். வாசலில கிடந்த சப்பாத்துக்களைத்தான் மறைச்சனாங்கள். பதினொரு சோடி, எல்லாத்தையும் வாரிக் குளிக்கிற தொட்டிக்குள்ள போட்டுத் திரையை இழுத்துவிட்டனான். மூத்தவள் அப்ப கைக்குழந்தை, அவளின்ரது உள்ளங்கை அளவு. அதையும் சேத்துத்தான்.

அந்தத் தொட்டியை நினைச்சுக்கொண்டு படுத்திருந்தால் எப்பிடியடி நித்திரை வரும்?

அதுக்காகச் சனம் சொன்னது எல்லாம் சாட்டு எண்டும் சொல்லேலாது. போன வருசம் யூலை 16 பெய்த மழையில இந்த வீதியிலயே மூண்டு வீட்டுக்குத் தண்ணி ஏறினது, அதுவும் கீழ்வாசலால இல்லை, கக்கூசுக் குழாயால பின்னுக்கு வந்தது. அந்தப் பழங் குழாயில இன்னும் ஆறு வீட்டுத் தண்ணியை விட்டால் என்ன நடக்கும் எண்டு கேட்டதுக்கு, பாக்கிறம் எண்டதை விட ஒரு மறுமொழியும் எனக்குக் கேக்கேல்லை. காரும் அப்பிடித்தான். புதுசாக் கட்டுறவை பாக்கிங் குடுக்கத் தேவையில்லை எண்டு 2022இலயே விதியை எடுத்திட்டினம். டவுன்ரவுனில இருக்கிறவனுக்கு அது சரி, வாசலில ட்ரெயின். எங்களுக்கு இருந்த ஒரு குட்டி ட்ரெயினும் 2023 யூலையில தடம் புரண்டு அதோட நிண்டு போச்சு. மூண்டு ஸ்ரேசனோட புதுச் சப்வே வருகுது எண்டு இன்னும் கிண்டிக்கொண்டிருக்கினம். மைனஸ் இருவதில பஸ்ஸுக்கு நிண்டவைக்குத்தான் கார் ஏன் எண்டு தெரியும். வீதியில மூண்டு மணித்தியாலத்துக்கு மேல விட்டால் டிக்கெற்.

என்ர சொந்தக் கவலையையும் சொல்லுறன், சிரியாதை. பக்கத்து வளவு எனக்குத் தெற்கு. அதில உயரமா எழும்பினால் என்ர பயத்தங்கொடிக்கு வெயில் விழாது. பாகலும் புடோலும் காய்க்காது. இந்த ஊரில வருசத்தில நாலு மாதம்தான் எனக்கு மண்ணோட சோலி. கிழவியின்ர பின்வளவு மேப்பிள் மரம் தப்பிப் பிழைக்கும்போல கிடக்கு. நெஞ்சளவு உயரத்தில 30 சென்ரிமீற்றர் பருமன் இருந்தால் அனுமதி எடுக்காமல் தறிக்கேலாது. இவர் நூலும் அடிமட்டமும் கொண்டுபோய் அளந்தவர். நல்லாத் தாண்டுதாம். எங்களுக்கு நிழல் விழுத்திற மரத்துக்குச் சட்டம் இருக்கு, பயத்தங்கொடிக்கு ஒரு சட்டமும் இல்லை.

இனித்தான் வீட்டுச் சண்டை. செயலாளர் அன்ரி கொண்டு திரிஞ்ச மனுவில இவர் கையெழுத்து வைச்சிட்டார். வாசிக்கேல்லை, பேனையைத் தந்தவ, வைச்சன் எண்டுறார். மூண்டாவது பேர் அவற்ற. அதை ஆரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில விட, மகளுக்குப் போய்ச் சேந்திட்டுது. அவளுக்கு இப்ப 34. ரெண்டு டிகிரி, நல்ல உத்தியோகம், சம்பளத்தில அரைவாசி வாடகைக்குப் போகுது. ஞாயிற்றுக்கிழமை வந்து சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சுப்போட்டு, "அப்பா, நான் எங்க இருக்கிறது?" எண்டு மட்டும் கேட்டாள். அவர், "உனக்கில்லையடா அது, வேற ஆக்களுக்கு" எண்டார். "அந்த வேற ஆக்கள் நான்தான்" எண்டுபோட்டுப் போயிட்டாள். மூண்டு கிழமையா அப்பாவோட கதை இல்லை. என்னோட கதைக்கிறாள், ஆனா "அங்க எல்லாரும் சுகமோ" எண்டுதான் கேக்கிறாள். எல்லாரும் எண்டால் ஒரு ஆள்தானே.

போன வெள்ளி அந்த வடமராட்சிக்காரர் ஒரு பெட்டி மாம்பழத்தோட வந்தார். நல்ல மனுசன்போலதான் கிடக்கு, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தவர். "அக்கா, மேல் வீடு ஒண்டை உங்கட மகளுக்கே தாறன்" எண்டார். எனக்கு நெஞ்சுக்குள்ள பால் வார்த்த மாதிரி. வாடகை எவ்வளவு தம்பி எண்டு கேட்டன். அவர் சொன்ன கணக்கைக் கேட்டு மாம்பழம் தொண்டையில நிண்டிட்டுது. பிள்ளை இப்ப குடுக்கிறதை விட நூறு டொலர் கூட! காணி விலை, வட்டி, மரம், ஆணி எண்டு ஒரு பட்டியல் சொன்னார். பொய் எண்டும் சொல்லேலாது. நான் மாம்பழத்தைத் திருப்பிக் குடுக்கேல்லை.

நேற்று அளவைக்காரர் வந்து எல்லைக்கு மரக்கட்டை அடிச்சுப்போட்டுப் போயிருக்கினம். தலையில செம்மஞ்சள் நாடா கட்டின சின்னக் கட்டை, எங்கட வேலியில இருந்து ஒரு சாண் தள்ளி. எங்கட அப்பு ஒரு கதியாலுக்காகச் சித்தப்பாவோட பதினாலு வருசம் கதையாமல் இருந்து, செத்த வீட்டிலதான் சமாதானமானவர் எண்டது உனக்குத் தெரியும். இவர் விடியக்காலமை நாலரைக்கே எழும்பி, சாரத்தோட, கையில டோர்ச்சோட வெளிக்கிடுறார். என்ன எண்டு ஜன்னலால பாத்தன். கட்டைக்குப் பக்கத்தில குந்தி இருந்து விரலால சாண் அளக்கிறார். ஆரும் இரவில அரக்கிப் போடேல்லையாம்.

மகளுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினன். ஒரு சிரிக்கிற முகம் வந்தது. மூண்டு கிழமைக்குப் பிறகு.

உன்ர பிளாட்டில லிப்ட் திருத்திப்போட்டாங்களோ? எழுது.

அன்போட,
உன்ர வேம்படி வாங்குக்காரி