வெற்றிடமும் உண்மையே

பழைய மாணவர் சங்கமொன்றின் செல்வங்களுள் தலையாயது அதன் பெயர்ப் பதிவேடு. யார் யார் கற்றனர், எவ்வாண்டிற் கற்றனர், இன்று எங்குளர் என்பனவற்றை அறியாத சங்கம் விழா எடுக்கலாம். உரியோரை அழைக்க அதனால் இயலாது. ஜூபிலி ஆண்டினை முன்னிட்டு அப்பதிவேட்டைச் சீர்செய்யும் பணி எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. அப்பணியிற் கிடைத்த பாடமொன்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

கையெழுத்தேடுகளாக இருந்த பதிவுகள் முன்னரே கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. இங்ஙனம் கணினியில் அமையும் பதிவேட்டைத் தரவுத்தளம் என்பர். அதன் அட்டவணையில் ஆளுக்கொரு நிரை. பெயர், ஆண்டு, ஊர் என விபரத்துக்கொரு நிரல். 1970 ஆம் ஆண்டில் எட்கர் கொட் என்னும் அறிஞர் வெளியிட்ட கோட்பாட்டின் வழிவந்த அமைப்பு இது. இதனோடு உரையாடும் மொழியாகிய எஸ்.கியூ.எல். என்பதன் முதல் வடிவத்தை 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லினும் போய்ஸும் வெளியிட்டனர்.

நிரலொன்றுக்கு இயல்புப் பெறுமானம் ஒன்றைக் குறித்துவைத்தல் கூடும். எழுதுவோர் அவ்விடத்தில் ஒன்றும் எழுதாது விடுவாராயின், கணினி அப்பெறுமானத்தைத் தானே இட்டுக்கொள்ளும். அட்டவணையை அமைத்தவர் 'ஊர்' என்னும் நிரலுக்குக் 'கண்டி' என்பதை இயல்பாக்கியிருந்தார். மாணவர் பெரும்பாலார் இந்நகரத்தவரே. ஆதலின் தட்டச்சுச் செய்வோரின் உழைப்பு மிஞ்சுமென்பது அவர் கருத்துப் போலும். விளைவோ வேறாயிற்று. முகவரி தெரியாதோர் அனைவரும் கண்டிவாசிகள் ஆயினர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத்தை விட்டு இந்தியா சென்றவரும், 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் கடல் கடந்தவரும் பட்டியலில் மட்டும் இவ்வூரை விட்டு அகலாதிருந்தனர். 'தெரியாது' என்றிருப்பின் எவரேனும் தேடியிருப்பர். 'கண்டி' என்றிருந்தமையால் எவரும் தேடினாரல்லர்.

இயல்பினை நீக்குதற்குரிய கூற்று மிகச் சிறிது. 'ஆல்டர் டேபிள்' என அட்டவணையையும், 'ஆல்டர் கொலம்' என நிரலையும் சுட்டி, 'டிரொப் டிபோல்ட்' என முடித்தால் அமையும். யாம் கையாளும் போஸ்ட்கிரெஸ் மென்பொருளில், இங்ஙனம் செய்யப்பட்ட நிரலின் இயல்பு 'நல்' என்னும் நிலைக்கு மீளும். ஒராக்கிள் மென்பொருளிலோ இயல்பு 'நல்' என்றே எழுதி இப்பயனைப் பெறுவர். 'நல்' என்பது பூச்சியமன்று. பெறுமானம் குறிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள்.

கூற்று நொடியில் நிறைவேறிற்று. எனினும் பட்டியலைத் திறந்து பார்த்தபோது பழைய நிரைகளில் ஓரெழுத்தும் மாறியிருக்கவில்லை. இயல்பு என்பது இனி வரும் நிரைகளுக்கான விதி. முன் எழுதப்பட்டவற்றை அது தீண்டாது. அவற்றை மாற்ற 'அப்டேட்' என்னும் வேறொரு கூற்று வேண்டும். ஊரை இயல்புக்கு மீட்குக என அதனிடம் பணிக்கலாம். ஆயின் 'வெயர்' என்னும் நிபந்தனையின்றிப் பணித்தால் எல்லா நிரைகளிலும் ஊர் அழியும். மெய்யாகவே கண்டியில் வாழ்வோரும் ஊரற்றோராவர். மெய்க் கண்டியையும் பொய்க் கண்டியையும் பிரித்தறியக் கணினிக்கு வழியில்லை; இரண்டும் அதற்கு ஒரே சொல்.

ஆகவே பழைய ஏடுகளையே நாடினோம். ஊர் எழுதப்படாதிருந்தோரின் பதிவிலக்கங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினோம். 'பிகின்' எனத் தொடங்கி அவர்களுக்கு மட்டும் கூற்றினை ஏவி, மாறிய நிரைகளின் தொகை எம் கணக்கோடு ஒத்ததைக் கண்ட பின்னரே 'கொமிற்' என உறுதிசெய்தோம். ஒவ்வாதிருப்பின் 'ரோல்பக்' எனப் பழைய நிலைக்கு மீண்டிருக்கலாம். ஏடுகளைப் பேணிவைத்தோர் இன்றேல் இவற்றுள் ஒன்றும் கைகூடியிராது.

விதியை மாற்றுதல் வேறு, எழுதப்பட்டதை மாற்றுதல் வேறு என்பதை மலைநாட்டாராகிய நாம் முன்பே பட்டறிந்தவர்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் குடியுரிமைக்குப் போதாதாயிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. அது பெரும்பேறே. ஆயினும் அதற்கிடையிற் கப்பலேறிய வகுப்புத் தோழர் அச்சட்டத்தால் நம்மிடம் மீண்டு வந்தாரல்லர். அவர்களை ஒவ்வொருவராகத்தான் தேடல் வேண்டும்.

இப்பொழுது நம் பதிவேட்டில் வெற்றிடங்கள் பல தோன்றுகின்றன. காண்போர்க்கு அது குறையாகத் தோன்றலாம். எமக்கோ அவ்வேடு முன்னையினும் மெய்யானதாகத் தோன்றுகின்றது. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் தம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றவர் இன்று எங்குளர் என்பதை அறிவாராயின், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுவாராக. ஒரு வரியால் ஒரு கட்டம் நிறையும்; அடுத்த விழாவுக்கு ஓர் அழைப்பிதழ் உரிய கையைச் சேரும்.