யார் அந்த 'கே'?

2008-ல் யமஹா ஆர்15 வந்தபோதே மனசைப் பறிகொடுத்தவன் நான். வாங்க முடிந்தது போன வருஷம்தான், அதுவும் கடனில். தினம் ஆபீஸுக்கு அதில்தான் போகிறேன்.

போன மாதம் ஸ்டாண்டிலிருந்து எடுக்கப் போனால், பெட்ரோல் டேங்க்கில் ஆணியால் கீறிய ஹார்ட்! உள்ளே 'கே' என்று ஓர் எழுத்து. "யாருங்க அந்த கே?" என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முழு இன்ஷூரன்ஸில் இந்த மாதிரி விஷமத்துக்கும் பணம் உண்டு. வெறும் தேர்டு பார்ட்டிக்குக் கிடையாது. ஆனால் க்ளெய்ம் பண்ணினால் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறுகிற நோ க்ளெய்ம் போனஸ் போச்சு. ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் செவிலிமேடு போனேன். லக்ஷ்மி நரசிம்மர் கோயில் வாசலில் வண்டியை விட்டதும் நாலு பொடியன்கள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே கைகூப்பி நின்றேனே தவிர, மனசு சைடு ஸ்டாண்டிலேயே நின்றது.

இந்த ஊர்ச் சாலைக் கிணற்றிலிருந்துதான் ராமானுஜர் தினமும் தண்ணீர் சுமந்துபோய் வரதருக்குச் சமர்ப்பித்தாராம். நடந்தே போனவர், பார்க்கிங் கவலை இல்லை. வரதரின் கருட வாகனமும் உற்சவம் முடிந்தால் உள்ளே போய்விடும். என் வாகனம் தெருவில் அல்லவா கிடக்கிறது!

திரும்பி வந்தால், "ஒருத்தனையும் தொட விடலண்ணே, பத்து ரூபா குடு" என்றான் ஒரு வாண்டு. இருபதாகவே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து 'கே' எட்டிப் பார்க்கிறது. வாசலில் மனைவி.