கத்தியது ஸ்பீக்கரா?

உங்கள் வீட்டில் யாராவது எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறார்களா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. ஆனால், அடுத்த வீட்டில் இருக்கலாம். அதனால் மேலே படியுங்கள்.

என் அக்கா மகன் இருபது வருஷமாக மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறான். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா ஒன்று விடுவதில்லை. ஒருநாள் போன் செய்தான்.

“மாமா, ஆம்ப் சரியில்லை. முன் வரிசைக்காரங்க காதைப் பொத்திக்கிறாங்க. ஸ்பீக்கர் மாத்தியாச்சு, நாலாயிரம் ரூபா போச்சு. அப்பவும் அதே கத்தல்தான்.”

ரிட்டையரான எலெக்ட்ரானிக்ஸ்காரன் சும்மா இருப்பானா? மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஸ்பீக்கர் கர்ணகடூரமாகக் கத்தினால் முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. நடுவில் இருந்த எஃபெக்ட் பெடல்களைக் கழற்றிவிட்டு, கிடாரை நேராக ஆம்ப்பில் செருகினோம். அதே சத்தம். கேபிளை மாற்றினோம். அதே. வேறு கிடார். அதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கோனை விரல்களால் எல்லாப் பக்கமும் சமமாக, மெள்ள அழுத்திப் பார்த்தேன். ‘சரக் சரக்’ என்று உரசினால் உள்ளே வாய்ஸ் காயில் காலி. உரசவில்லை. கோனில் கிழிசல் இல்லை, திருகாணி எதுவும் லூஸ் இல்லை.

(கிழிசல் எப்போதும் கெடுதல் என்று சொல்ல முடியாது. 1964-ல் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டுக்காக, கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் குட்டி ஆம்ப்பின் கோனை பிளேடால் கீறினார். அந்தக் கரகரப்பு உலகப் புகழ் பெற்றது. நம் கல்யாண மண்டபத்தில் எடுபடாது.)

அடுத்த சந்தேகம், ஆம்ப்பை வைத்த இடம். ஸ்பீக்கரின் விட்டம் 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். அலை ஸ்பீக்கரைவிடச் சிறியதாகும்போது ஒலி நாலாபுறமும் பரவாது. டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ஆம்ப் தரையில் இருக்கிறது. கீச்சொலி எல்லாம் வாசிப்பவனின் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது. முழங்காலுக்குக் காது கிடையாது. ‘மந்தமா இருக்கே’ என்று அவன் ட்ரெபிளைத் திருக, அது முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சித்தப்பா காதில் போய் இறங்குகிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று மீசையை முறுக்கினேன். ஆம்ப்பை நாற்காலி மேல் ஏற்றி, அவன் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்து, “இப்ப ட்ரெபிளை நீயே வை” என்றேன்.

பத்து வரைக்கும் திருகினான்.

“இப்பதான் மாமா, போர்த்தின கம்பளியை எடுத்த மாதிரி இருக்கு.”

அவனுடைய ஒன்பது வயசு மகள், “ஐயோ அப்பா!” என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்கே பல் கூசியது. நான் அறுபதைத் தாண்டியவன். நியாயமாகப் பார்த்தால் கீச்சொலிகள் எனக்குத்தான் குறைவாகக் கேட்க வேண்டும்.

ஆம்ப்பை அணைத்தேன். “ராத்திரி படுத்தா காதுல ‘ஙொய்’னு கேக்குதாடா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “முன்னெல்லாம் கச்சேரி அன்னிக்கு மட்டும்தான் மாமா. இப்ப ரெண்டு வருஷமா எப்பவும்.”

மறுநாள் இ.என்.டி. டாக்டர். ஆடியோகிராமில் கோடு ஒழுங்காகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. பெருஞ்சத்தத்தில் அடிபட்ட காதுக்கு இது வழக்கமான அடையாளம். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், நல்ல காது மிக நுட்பமாகக் கேட்பதும் இந்த அக்கம்பக்கத்து ஒலிகளைத்தான். இவன் தொலைத்ததை ட்ரெபிளில் தேடிக்கொண்டிருந்தான். ஊர் காதைப் பொத்திக்கொண்டது. பாவம், ஸ்பீக்கர் மேல் பழி.

ஒரு கணக்கு சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 100-க்கு 15 நிமிஷம். நம் கச்சேரிகள் மூன்று மணி நேரம். இவன் நிற்பது ட்ரம்ஸ் பக்கத்தில்.

ஆம்ப்புக்கு வைத்தியம் சுலபமாக முடிந்தது. அது இப்போது ஸ்டாண்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ட்ரெபிளில் நாலாம் நம்பருக்கு நேராகச் சிவப்புப் பிளாஸ்டர். அவன் காதில் இசைக்காரர்களுக்கான அடைப்பான். இருக்கிற மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமே.

உள்ளூர்க் கச்சேரி என்றால் சவுண்ட் செக்குக்கு மகளையும் கூட்டிப்போகிறான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, போதும்” என்கிறாள். மறுபேச்சில்லாமல் குறைத்துவிடுகிறான்.

நான் போட்ட ஒரே கண்டிஷன், கச்சேரி ஆரம்பித்ததும் அவளும் அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காதாவது முழுசாக இருக்கட்டும்.