‘டிஸ்க் காணோம்!’

உங்களில் எத்தனை பேர் ஃப்ளாப்பியைத் தொட்டுப் பார்த்திருக்கீங்க? கை தூக்க வேண்டாம். எம்.எஸ். வேர்டில் ‘சேவ்’ பட்டனில் இருக்கிற அந்தச் சதுரப் படம்தான் ஃப்ளாப்பின்னு தெரிஞ்சிருந்தாலே பெரிய விஷயம். 2019 வரைக்கும் நானும் உங்க கட்சிதான். நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சு, முதல் வகுப்பில் பாஸ் பண்ணி, எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் போனவன். ஆனா ஒரு கம்ப்யூட்டரை ஸ்க்ரூ டிரைவர் வெச்சுத் திறந்ததே கிடையாது. சத்தியமா!

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபது தாண்டியவர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆச்சு. ‘சார்னு கூப்பிடாதே’ன்னு அவர் எத்தனையோ தடவை சொல்லியும் என் வாய் கேட்கலை. டிசம்பர் முதல் வாரம் அவர் என் கதவைத் தட்டினார். ஜனவரியில் வீட்டை வித்துட்டு சின்ன ஃப்ளாட்டுக்குப் போறாராம். பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்காம்.

“நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? இதைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் படிச்சுத் தர முடியுமா?”

டிஸ்க் உறையில் பால்பாயிண்ட் பேனாவில் அவங்க மனைவியின் கையெழுத்து. மகனுக்குப் பத்து வயசா இருக்கும்போது அவங்க எழுதின ஏதோ ஒரு புரோகிராம். கிறிஸ்துமஸுக்கு மகன் வர்றார். அதுக்குள்ள முடியணும்.

“ஈஸி சார்”னு சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு!

பரணிலிருந்து இறங்கினது ‘ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி. 6128’. 1985-ல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். மெமரி 128 கே.பி. உங்க போனில் எடுக்கிற ஒரு செல்ஃபியைக்கூட அதில் வைக்க முடியாது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. வலது பக்கம் டிஸ்க் டிரைவ். அதில் போடறது நமக்குத் தெரிஞ்ச மூணரை இஞ்ச் ஃப்ளாப்பி இல்லை, மூணு இஞ்ச். கெட்டி பிளாஸ்டிக் உறை. ஒரு பக்கத்துக்கு 180 கே.பி. பிடிக்கும். ஒரு பக்கம் முடிஞ்சா, கேசட் மாதிரி திருப்பிப் போடணும்.

மானிட்டரை இணைச்சு சுவிட்சைப் போட்டேன். நீல ஸ்க்ரீன், மஞ்சள் எழுத்து. கடைசி வரியில் ‘ரெடி’. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்த மெஷின், ஒரு நொடியில் ரெடி! என் லேப்டாப் வெட்கப்படணும்.

பெரியவரின் டிஸ்க்கைக் கையில் எடுத்தவன் நின்னேன். ஏதோ ஒரு புத்தி. இருக்கிறது ஒரே டிஸ்க். டிரைவ் எந்த லட்சணத்தில் இருக்குன்னு தெரியாம இதை உள்ளே விடலாமா? பெட்டியில் பழைய கேம் டிஸ்க் ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன். டிஸ்க்கில் என்ன இருக்குன்னு காட்டற கட்டளை ‘கேட்’. அடிச்சேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மெஷின் பதில் சொல்லிச்சு:

‘டிரைவ் ஏ: டிஸ்க் மிஸ்ஸிங். ரீட்ரை, இக்னோர் ஆர் கேன்சல்?’

டிஸ்க் காணோமாம்! கண்ணு முன்னாடி உள்ளே உட்கார்ந்திருக்கு. வெளியே எடுத்து, திருப்பி, ஊதி, மறுபடி போட்டு... பதினஞ்சு தடவை ‘ரீட்ரை’. பதினஞ்சு தடவையும் காணோம். கரன்ட் போனப்ப சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டறோமே, அதே வியாதி.

ராத்திரி உட்கார்ந்து அந்த மெஷினோட மேனுவலைத் தேடிப் படிச்சேன். அங்கேதான் முதல் குட்டு. இந்த 6128-க்குன்னு தனியா பவர் சப்ளை கிடையாது, மானிட்டரிலிருந்துதான் கரன்ட் வரும். அதுவும் ரெண்டு ஒயர். 5 வோல்ட் கம்ப்யூட்டருக்கு, 12 வோல்ட் டிஸ்க் டிரைவின் மோட்டாருக்கு. ஓடிப் போய்ப் பார்த்தா, 12 வோல்ட் ஒயர் மேஜைக்குப் பின்னால் அநாதையாத் தொங்குது! கம்ப்யூட்டர் உயிரோட இருக்கு, ஸ்க்ரீன் தெரியுது, அதனால் எல்லாம் சரியா இருக்குன்னு நானே முடிவு பண்ணியிருக்கேன்.

செருகினேன். ‘கேட்’ அடிச்சேன். இந்தத் தடவை மோட்டார் ‘உய்ய்ய்’னு ஓடற சத்தம். துள்ளிக் குதிச்சேன். குதிச்சு இறங்கறதுக்குள்ள ஸ்க்ரீனில்... டிஸ்க் மிஸ்ஸிங்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனிங்க. ஒரு தப்பைக் கண்டுபிடிச்ச உடனே, அதுதான் ஒரே தப்புன்னு நம்பிடறோம். ஒரு மெஷினுக்கு ஒரு வியாதிதான் வரணும்னு ஏதாவது சட்டமா?

ரூமில் விளக்கை அணைச்சுட்டுப் படுத்தேன். அந்த ‘உய்ய்ய்’ காதிலேயே இருந்தது. எங்கேயோ கேட்ட சத்தம்...

அம்மாவின் தையல் மெஷின்! எங்க வீட்டில் அம்மா தையல்தான் என் காலேஜ் ஃபீஸில் பாதி. தோல் பெல்ட் தளர்ந்து போச்சுன்னா, அம்மா கீழே மிதிப்பாங்க, கீழ்ச் சக்கரம் வேகமா சுத்தும், மேலே ஊசி மட்டும் அசையாது. அம்மா அலட்டிக்க மாட்டாங்க. “ஊசியைக் குறை சொல்லாதே. கால் ஓடுது, சக்கரம் ஓடுது. நடுவுல என்ன இருக்குன்னு பாரு”ம்பாங்க.

நடுவுல என்ன இருக்கு?

மறுநாள் டிஸ்க் இல்லாம ‘கேட்’ அடிச்சு, டிரைவின் வாய்க்குள் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மோட்டார் ஓடுது. டிஸ்க்கைப் பிடிச்சுச் சுத்த வேண்டிய நடுக்குமிழ் அசையவே இல்லை. இப்ப எல்லாம் புரிஞ்சது. இந்த டிரைவில் மோட்டார் நேரா டிஸ்க்கைச் சுத்தாது. நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். பழைய டேப் ரெக்கார்டரில் இருக்குமே, அதே சாதி. டிஸ்க் நிமிஷத்துக்கு 300 சுற்று சுத்தணும். டிஸ்க்கில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஓட்டை வழியா வெளிச்சம் ஒரு தடவை விழும். அந்த வெளிச்சம் வந்தாத்தான் ‘டிஸ்க் இருக்கு’ன்னு மெஷினுக்குத் தெரியும். சுத்தலைன்னா வெளிச்சம் வராது. வெளிச்சம் வரலைன்னா, மெஷினைப் பொறுத்தவரை டிஸ்க் காணோம்.

மெஷின் பொய் சொல்லலை. ‘எனக்குத் தெரியலை’ங்கிறதை, ‘இல்லை’ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான்.

கீழே ஸ்க்ரூக்களைக் கழட்டித் திறந்தேன். பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புத் தார் மாதிரி ஒரு பிசுக்கு. ரப்பர் முப்பது வருஷத்தில் உருகியே போச்சு. யார் மேலயும் குற்றம் இல்லை, ரப்பரோட ஆயுசு அவ்வளவுதான். புது பெல்ட் சில பவுண்டுதான். ஆர்டர் போட்டுட்டுக் காத்திருந்தேன். கிறிஸ்துமஸ் நெரிசல். தபால் வந்தபாடில்லை.

நடுவில் கூடப் படிச்ச ஒருத்தன் ஐடியா கொடுத்தான். “பழைய பி.சி.யிலிருந்து மூணரை இஞ்ச் டிரைவைப் பிடுங்கி இதில் மாட்டு. பவர் பிளக் அப்படியே பொருந்துது பாரு.” பொருந்தும்தான்! ஆனா அந்தப் பிளக்கில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வழக்கமான டிரைவுக்கு நேர்மாறா இருக்கும். அன்னிக்குப் படிச்சுப் பார்க்காம மாட்டியிருந்தா, புது டிரைவ் புகையோட போய்ச் சேர்ந்திருக்கும். பொருந்தறது எல்லாம் பொருத்தம் இல்லைன்னு ஜாதகக்காரர் மட்டும்தான் சொல்வாரா? எலெக்ட்ரீஷியனும் சொல்வார்.

டிசம்பர் 23. பெல்ட் வந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைச்சு, அந்தத் தாரைத் துடைச்சு எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. துளி பிசுக்கு மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும். மாட்டினேன். கேம் டிஸ்க்கைப் போட்டேன். ‘கேட்’.

‘டிரைவ் ஏ: ரீட் ஃபெயில்.’

உங்களுக்கு இது தோல்வி. எனக்கு அன்னிக்குத் தீபாவளி! ‘காணோம்’ போய், ‘இருக்கு, ஆனா படிக்க முடியலை’ன்னு ஆகியிருக்கே! நோயாளி கண் திறந்துட்டார். அடுத்தது கண்ணாடியைத் துடைக்கணும். டிஸ்க்கைப் படிக்கிற ஹெட்டில் வருஷக்கணக்கான அழுக்கு. அதே ஆல்கஹால், சுத்தமான காது குடையும் பஞ்சு, அழுத்தாம மெதுவா ரெண்டு துடைப்பு. காயவிட்டு மறுபடி ‘கேட்’.

வரிசையா ஃபைல் பெயர்கள்!

பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் டிஸ்க்கில் எதுவும் அழிஞ்சிடாதபடி எழுத்துத் தடை ஓட்டையைத் திறந்து வெச்சுட்டு, டிஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து உள்ளே போடச் சொன்னேன். என் கை நடுங்கினதுதான் காரணம். அவர்கிட்ட சொல்லலை.

புரோகிராம் ஓடிச்சு. அது ஒரு வாய்ப்பாடு டீச்சர். ‘ஏழு எட்டு எவ்வளவு?’ன்னு கேட்டது. பெரியவர் வேணும்னே தப்பா அடிச்சார். ‘பரவாயில்லை, இன்னொரு தடவை யோசி’ன்னு மகன் பெயரைச் சொல்லி அது பதில் கொடுத்தது. எத்தனை தடவை தப்பா அடிச்சாலும் அதே ‘பரவாயில்லை’. அவர் சிரிச்சார்.

எனக்குள்ள இருந்த எஞ்சினீயர் சும்மா இருப்பானா? எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்க்க ‘லிஸ்ட்’ அடிச்சேன். பேசிக் மொழியில் ‘ரெம்’னு ஒரு வரி எழுதலாம். அது எழுதறவர் தனக்காக வெச்சுக்கிற குறிப்பு. புரோகிராம் ஓடும்போது ஸ்க்ரீனில் வராது. உள்ளே திறந்து பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதல் வரியே ரெம்:

‘அவன் அப்பாவைவிட இதுக்குப் பொறுமை அதிகம்.’

நான் சட்டுன்னு ஸ்க்ரீனைத் துடைக்கப் பார்த்தேன். அவர் கையைப் பிடிச்சுத் தடுத்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மெதுவா, “கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அவனை அடிச்சிருக்கேன். இந்தப் புரோகிராம் ஓடும்போது நூறு தடவை பக்கத்தில் நின்னிருக்கேன். உள்ளே இப்படி ஒரு வரி இருக்குன்னு எனக்குத் தெரியாது”ன்னார்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. புரோகிராமை இன்னொரு டிஸ்க்கில் காப்பி பண்ணிக் கொடுத்து, ஸ்க்ரீனை போட்டோ எடுத்துக் கொடுத்துட்டு ரூமுக்கு வந்துட்டேன். 25-ம் தேதி மகன் வந்தார். ஹாலில் அப்பாவும் பிள்ளையும் அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கலை. ஆனா ஜனவரியில் ஃப்ளாட்டுக்குப் போன சாமான்களில் முதல் பெட்டியா ஏறினது அந்த 6128.

நீங்களும் ஒரு நாள் ஏதாவது பழைய மெஷினைத் திறப்பீங்க. அப்ப நாலு விஷயம் மறந்துடாதீங்க. அரிய டிஸ்க்கை முதலில் போடாதீங்க. ஒயர் எல்லாம் மாட்டியிருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஸ்க்ரூவைத் தொடுங்க. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டை மாத்தினா எது குணமாக்கிச்சுன்னு தெரியாது. பழைய மானிட்டரை மட்டும் திறக்கவே திறக்காதீங்க, அணைச்ச பிறகும் உள்ளே உயிரை வாங்கற வோல்டேஜ் தங்கியிருக்கும். முக்கியமா, ‘காணோம்’னு மெஷின் சொன்னா உடனே நம்பிடாதீங்க.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அம்மா, இன்னிக்கு ஒரு மெஷினுக்கு நானே பெல்ட் மாத்தினேன்.”

“அதுக்கா உன்னை லண்டன் அனுப்பினேன்?”னு கேட்டுட்டு, அடுத்த நொடியே அம்மா கேட்டாங்க: “பழைய பிசுக்கை நல்லாத் துடைச்சியாடா?”