பட்டியலில் நான் போட்ட பெயர்

பெல் கர்வ் என்றால் என்ன என்று ஐடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களைத் தரம் பிரிப்பார்கள். முதல் தரத்தில் இத்தனை சதவீதம், நடுவில் இத்தனை, கடைசியில் இத்தனை என்று கணக்கு முன்கூட்டியே மேலிருந்து வந்துவிடும். டீமில் எல்லோருமே ஒழுங்காக வேலை பார்த்திருந்தாலும் கடைசிக் கட்டத்தில் யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும். இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். மேலே 20, நடுவே 70, கீழே 10. அந்தப் பத்தை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி ஒன்றைப் பல வருடம் வைத்திருந்து, ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கவிழ்ப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள் என்று பெயர் கெட்டபின், 2013 நவம்பரில் கைவிட்டது. சென்னை ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்த்த கம்பெனி அதற்குப் பிறகும் விடவில்லை.

மேனேஜர்கள் எல்லோரும் அதைத் திட்டுவோம். ‘என் கையில என்ன இருக்கு, கர்வ் அப்படி’ என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அது பாதிதான் உண்மை. கர்வ் என்னிடம் ஒரு பெயரைக் கேட்டது, அவ்வளவுதான். எந்தப் பெயர் என்று அது சொல்லவில்லை. அதை நான்தான் கொடுத்தேன்.

அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் க்ளெய்ம் வேலை எங்களுடையது. டீமில் 14 பேர். அதில் டெஸ்டிங் பார்த்தவர் ஒருவர் மேலூர்ப் பக்கத்துக்காரர். ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு அது கடைசி வரை வரவில்லை. மீட்டிங்கில் பெயரே சொல்லாமல் சமாளிப்பார், கேன்டீனில் ‘அண்ணே’ என்பார். ரிலீஸ் இருக்கும் வாரமெல்லாம் சனிக்கிழமை ராத்திரி ஆபீஸிலேயே கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப் வராவிட்டால் பஸ் பிடித்துப் போய்விடுவார், ஒரு புகார் கிடையாது.

அந்த வருடம் அவர் பிடித்த ஒரு பிழையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நள்ளிரவைத் தாண்டி, தேதி மாறிய பிறகு அதே க்ளெய்மை மறுபடி அனுப்பினால், சிஸ்டம் அதைப் புதுசு என்று நினைத்து இரண்டாவது தடவையும் பணத்தை அனுமதித்துவிடும். டெஸ்ட் கேஸ் எதிலும் அது இல்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. ‘சும்மா போட்டுப் பார்த்தேண்ணே’ என்றுதான் சொன்னார். கிளையன்ட்டிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது. ‘டு’ பகுதியில் என் பெயர் இருந்தது. நான் ‘டீம் எஃபர்ட்’ என்று பதில் போட்டேன். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. அதுவும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்தி.

பிறகு நார்மலைசேஷன் மீட்டிங். அது எப்படி நடக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு அறை, திரையில் எக்செல் ஷீட், சுற்றி ஆறேழு மேனேஜர்கள், தட்டில் சமோசா. டெலிவரி ஹெட் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வருவார். என் ஆளை மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் உன் ஆள் ஒருவர் இறங்க வேண்டும். கோயம்பேட்டில் தக்காளிக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட எங்களைவிட நியாயமாகப் பேசுவார்கள். அவர்கள் தக்காளியைக் கையில் எடுத்தாவது பார்ப்பார்கள். திரையில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேரின் முகம்கூட எங்களில் பலருக்குத் தெரியாது.

என் டீமிலிருந்து கடைசிக் கட்டத்துக்கு ஒருவர் வேண்டும். உண்மையிலேயே அந்த வருடம் மோசமாக வேலை பார்த்தவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கிளையன்ட் பக்கத்து மேனேஜருக்கு அவர் மேல் தனிப் பிரியம். அவரைத் தொட்டால் அந்த பில்லிங் சீட்டுக்கே ஆபத்து, என் மார்ஜின் அடிவாங்கும். அடுத்தவர் நல்ல வேலைக்காரர் இல்லை என்றாலும் வாய் உள்ளவர். எல்லா மெயிலையும் ஃபோல்டர் போட்டு வைத்திருப்பார். ரேட்டிங்கைக் குறைத்தால் ஆதாரத்தோடு ஹெச்.ஆருக்கும் எனக்கு மேலே இருப்பவருக்கும் எழுதுவார், நான் ஒரு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மேலூர்க்காரர் சண்டை போட மாட்டார்.

காரணம் அவ்வளவுதான். வேறு எதையாவது சேர்த்துச் சொன்னால் பொய்.

அவர் பெயர் திரையில் வந்தபோது டெலிவரி ஹெட் ‘ஷ்யோரா?’ என்று கேட்டார். ‘ஷ்யோர்’ என்றேன். கர்சர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்ரைசல் படிவத்தில் காரணம் எழுத வேண்டும் என்பதால் ‘தானாக முன்வந்து எதையும் செய்வதில்லை, சொன்ன வேலையை மட்டும் செய்கிறார்’ என்ற பொருளில் நான்கு வரி எழுதினேன். நல்ல ஆங்கிலம். யாரும் சொல்லாமல் அந்த க்ளெய்ம் பிழையைத் தோண்டி எடுத்த மனிதரைப் பற்றி.

கடைசி ரேட்டிங் வாங்கியவர்களை வேலையை விட்டே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது என்று ரொம்ப நாள் என் மனைவியிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும். லிஸ்ட் தயாராகிறது என்று ஸ்மோக்கிங் ஸோனில் ஒரு மாதமாகப் பேச்சு. எனக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது, அங்கே போய் நின்றதே அந்தப் பேச்சைக் கேட்கத்தான்.

ஹெச்.ஆர் அறையில் நடந்ததை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன், ஏனென்றால் அந்த நேரத்துக்கு நான் கிளையன்ட் கால் ஒன்றை வரவழைத்துக்கொண்டேன். ராஜினாமாக் கடிதம் டைப் அடித்தே வைத்திருந்தார்களாம். நீங்களாகவே எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும், நாங்கள் நீக்கினால் அடுத்த கம்பெனியில் கேள்வி வரும் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தக் கையெழுத்துக்கு விலை உண்டு. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். அதுவும் பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்பலாம். ராஜினாமா என்றால் இது எதுவுமே இல்லை. ஐடி கம்பெனிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு ஏதும் கிடையாது என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியிருந்தது. சங்கம் வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லி கேட்டுக்கு வெளியே துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரசுரம் என் கார் டேஷ்போர்டில் கிடந்தது. படித்தும் இருந்தேன். ‘கையெழுத்துப் போடாதே தம்பி’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அதை அனுப்பியிருந்தால் என் பெயர் அடிபடும் என்று பயம்.

சாயங்காலம் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் ஒப்படைத்துவிட்டுப் பார்க்கிங்கில் எனக்காகக் காத்திருந்தார். ‘எனக்காகப் பேசினீங்களாண்ணே?’ என்று கேட்டார். திட்டுகிற தொனி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

‘ரெண்டு மணி நேரம் சண்டை போட்டேன் தம்பி. யாரும் கேட்கல.’

பெயர் கொடுத்தது ஒரு தப்பு. அதற்கு ஆயிரம் சாக்கு சொல்லலாம். வீட்டு லோன், மேலே இருந்து அழுத்தம், எனக்கே அடுத்த வருடம் இந்தக் கதி வரலாம் என்ற பயம். இந்தப் பொய்க்கு எந்தச் சாக்கும் இல்லை. அதைச் சொல்லச் சொல்லி என்னை எந்த கர்வும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கி, ‘நீங்க இவ்வளவு செஞ்சதே போதும்ணே’ என்றார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். அவர்தான் என் நம்பரைக் கொடுத்திருந்தார். அபாரமான ஆள், சொல்லாமலே வேலை செய்வார் என்றேன். வாய்ப்பிருந்தால் மறுபடி எடுப்பீர்களா என்ற கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்றேன். ஒரே மனிதரைப் பற்றி ஒரே வருடத்தில் நான் கொடுத்த இரண்டு சான்றுகள். இரண்டாவதைக் கொடுத்த அன்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் நல்ல அபிப்பிராயம்கூட வந்தது.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே கர்வ் இல்லை என்கிறார்கள், ஆனால் பிப்ரவரி வந்தால் ஒரு எக்செல் ஷீட் வருகிறது. அவர் இன்று ஒரு டெஸ்டிங் டீமுக்கே லீட். தீபாவளிக்கு மறக்காமல் செய்தி அனுப்புவார். போன தடவை தன் டீமில் ஒருவருக்குக் குறைந்த ரேட்டிங் போடச் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று என்னிடம் யோசனை கேட்டிருந்தார். ‘நீங்க அன்னைக்கு எனக்காக நின்ன மாதிரி நிக்கணும்னு பார்க்குறேண்ணே’ என்று எழுதியிருந்தார்.

நில்லுங்கள் என்று பதில் போட்டேன். மற்றதைச் சொல்லவில்லை.