உதவி பெறும் பள்ளி வாத்தியார்

நாகலாபுரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்களை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் தருவது அரசாங்கம். ஆகஸ்ட் 1-ம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடமே முடிவாகும். அதனால் மே மாத வெயிலில் கரிசல்காட்டு ஊர்களுக்குப் பிள்ளை சேர்க்கப் போவோம்.

அதெல்லாம் பெரிதில்லை. மனசை அறுப்பது வேறு. மிளகாய்க் காட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் பாடுபடுகிறவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடமும் படிக்கிறார்கள். ஒரே தெருவிலிருந்து ஒரு பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகிறது, இன்னொன்று எங்களிடம் வருகிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தில் எங்கள் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தது, அதே ஆண்டு டிசம்பரில் நம்ம தூத்துக்குடியில் வைத்துத்தான். அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஆனால் 2020-ல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இன்னும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். “சார், ஆறாங்கிளாஸ்லயே அங்க மாறியிருக்கணுமோ?” என்று பிளஸ் டூ மாணவி கேட்கிறாள். அவளையும் அதில் சேருங்கள் என்றுதான் கேட்கிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இடத்தைக் குறைக்காமல், தனியாகக் கொடுத்தாலும் சரி.